கொழும்பின் நீர்நிலங்களும் நம் கடமையும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகரசபைகளும் உயிரினப் பல்வகைமையும் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு இன்று பணிக்கப்பட்டுள்ளோம். உயிரினப் பல்வகைமை என்ற சொல்லைக் கேட்டதும் சிங்கராஜக் காடும், யால, வில்பத்து ஆகிய வனங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நகரத்துக்குத் தொலைவில் உள்ளவை. அவற்றைக் காப்பதற்கென்று தனித் திணைக்களங்கள் உண்டு. வீதி கூட்டுவதும், கான் துப்புரவு செய்வதும், வரி அறவிடுவதும் தொழிலாகக் கொண்ட நகரசபைக்கும் பறவைக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மிற் பலர் எண்ணுதல் இயல்பே. அந்தச் சம்பந்தம் நம் வீட்டுப் படிக்கட்டு வரை வந்து நிற்பது என்பதை எடுத்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நாம் வாழும் இடத்தையே பார்ப்போம். வெள்ளவத்தையின் வடக்கெல்லையில் ஒரு வாய்க்கால், தெற்கே தெஹிவளை எல்லையில் இன்னொரு வாய்க்கால், மேற்கே கடல். காலி வீதியில் நாள்தோறும் பஸ்ஸிற் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அப்பாலங்களின் கீழ் ஓடும் நீர் எங்கிருந்து வருகின்றதென்று எண்ணியிருப்போம்? கோட்டை இராசதானியின் பழைய தலைநகரைச் சூழ்ந்த சதுப்பிலிருந்தும், கிருலப்பனைப் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்தும் வரும் நீர் அது. கொட்டாஞ்சேனை அன்பர்கட்கும் இதே கதைதான். அவர்களுக்குக் கிழக்கே சென் செபஸ்தியன் கால்வாய். வடக்கே மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம். அதன் அருகே காக்கைத்தீவு. ஆக, வெள்ளவத்தையாரும் கொட்டாஞ்சேனையாரும் ஒரே நீர்வலையின் இரண்டு முனைகளில் வாழ்கின்றோம். இடையே கிடப்பன சதுப்புநிலங்கள்.

கொழும்பின் நில அமைப்பு ஒரு தட்டையான பாத்திரம் போன்றது. வடக்கே களனி கங்கையும் அதன் வெள்ளத்தடுப்பு அணையும். மேற்கே கடலோர மேடு. ஏறத்தாழ 100 சதுர கிலோமீற்றர் பரப்பிற் பெய்யும் மழையெல்லாம் இப்பாத்திரத்துள் விழுகின்றது. அது வெளியேறுவதற்கு உள்ள வாயில்கள் மிகச் சில: வெள்ளவத்தை வாய்க்கால், தெஹிவளை வாய்க்கால், முகத்துவாரத்தில் நிலத்தடியே கடலுக்குச் செல்லும் சுரங்க வழி, களனியிற் சேரும் வடக்கு வாயில். களனியில் வெள்ளம் பெருகும்போது அவ்வடக்கு வாயிலை மூடிவிட வேண்டும். மூடாவிடின் ஆறு நகரத்துள் புகும். அப்பொழுது உள்ளே பெய்த மழை எங்கே போய் நிற்பது? சதுப்பிலே நிற்பது. வாயில் திறக்குமட்டும் அது அங்கே தங்கியிருந்து, பின்னர் மெல்ல மெல்ல வடியும். அங்கே இடமில்லையானால் நம் வீட்டு விறாந்தையில் நிற்கும். இயற்கை நமக்கு வைத்திருக்கும் தெரிவு இவ்விரண்டே.

அப்படியானால் ஆழமாகத் தோண்டிச் சீமெந்து பூசிய பெருந்தொட்டிகள் சில போதாவா, சதுப்பும் அதிலுள்ள செடி கொடி உயிர்களும் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி இது. சீமெந்துத் தொட்டி தண்ணீரைப் பிடிக்கும். பிடித்ததைச் சுத்தம் செய்யாது. சதுப்பில் வளரும் கோரையும் நாணலும் நீரின் ஓட்டத்தைத் தணிக்கின்றன. அதனால் மண்டி கீழே படிகின்றது. அவற்றின் வேர்களைச் சூழ்ந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைந்ததைச் செடிகள் உணவாகக் கொள்கின்றன. நுளம்பின் குடம்பிகளைச் சிறு மீன்களும் தும்பிக் குஞ்சுகளும் தின்கின்றன. மீன்களைக் கொக்கும் நீர்க்காகமும் தின்கின்றன. இச்சங்கிலியில் ஒவ்வோர் உயிரும் ஒரு வேலை செய்கின்றது. மாதச் சம்பளம் கேளாத வேலையாட்கள் அவர்கள். அவர்களை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது சதுப்பன்று, நாறும் குட்டை.

டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சதுப்பைத் தூர்த்துவிட வேண்டுமென்று சொல்வோரும் உளர். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் டெங்கு நுளம்பு விரும்பி முட்டையிடும் இடம் பரந்த சதுப்பன்று. சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட கூரைப் பீலி முதலியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு உகந்தது. மீனும் தவளையும் இல்லாத இடத்தைத்தான் அது தேடுகின்றது.

இந்நீர்நிலங்களில் வாழும் உயிர்களைச் சிறிது அறிமுகஞ் செய்வோம். பேரை வாவியிற் கூழைக்கடாக்கள் வரிசையாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்திற் கபரக்கொய்யா வெயில் காய்வது புதுமையன்று. நீர்நாயும் உண்டு. யாவற்றிலும் வியப்பானது மீன்பிடிப் பூனை. சாதாரணப் பூனையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பருமனுடைய இக்காட்டுப் பூனை இரவில் நீரிலிறங்கி மீன் பிடித்து வாழ்வது. உலகளவில் அழியும் அபாயமுள்ள இனமென்று பட்டியலிடப்பட்ட இவ்விலங்கு, கொழும்பு நகரத்துச் சதுப்பிலும் வாய்க்காற் கரையிலும் இன்றும் வாழ்கின்றது. ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துள்ளனர். இவை தவிர இருநூறுக்கு மேற்பட்ட தாவர இனங்கள் இங்கே உண்டு. நம் வீட்டுச் சமையலுக்குச் சந்தையில் வாங்கும் கங்குன், பொன்னாங்காணி முதலிய கீரைகளும் கொழும்பைச் சூழ்ந்த இத்தகைய ஈர நிலங்களிற் பயிராவனவே.

இத்துணைப் பயனுள்ள நிலத்தை நாடு எவ்வாறு நடத்தி வந்தது? பேரை வாவி இயற்கை ஏரியன்று; போர்த்துக்கேயர் தமது கோட்டைக்குக் காவலாக நீரைத் தேக்கி உண்டாக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 165 ஹெக்டேயர் பரப்பிருந்த அவ்வாவி இன்று ஏறத்தாழ 65 ஹெக்டேயராகச் சுருங்கியுள்ளது. பண்டகசாலைக்கும் வீதிக்கும் கட்டடத்துக்கும் என்று கரையோரம் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டது. ஒருநாளில் ஒருவர் செய்த காரியமன்று அது. ஒவ்வொரு தலைமுறையும் இவ்வளவுதானே என்று எடுத்த துண்டுகளின் கூட்டுத்தொகை.

1968 ஆம் ஆண்டிலே கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, ஒரு சபை நிறுவப்பட்டது; அது பின்னர் கூட்டுத்தாபனமாயிற்று. மீட்டல் என்ற சொல்லைக் கவனியுங்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவரிடமிருந்து நாட்டை மீட்கிறோம். சதுப்பை மீட்பது என்றால் யாரிடமிருந்து? தண்ணீரிடமிருந்து. தண்ணீர் நிலத்தைக் களவாடி வைத்திருப்பதாகவும், மண் கொட்டி அதை நாம் பறித்தெடுக்க வேண்டும் என்பதாகவும் அக்காலத்து அறிஞர் எண்ணினர். இங்கு மட்டுமன்று, உலகெங்கும் அக்காலத்தில் நிலவிய எண்ணம் அது. வீடில்லாதோர்க்கு வீடும், வளரும் நகருக்கு இடமும் வேண்டுமென்ற நியாயமும் அதன் பின்னால் இருந்தது. ஆதலின் அவர்களைப் பழித்தல் நமக்கு அழகன்று. ஆனால் தண்ணீர் தன் கணக்கை மறப்பதில்லை.

1992 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் நாள் பெய்த பெருமழையிற் கொழும்பு வெள்ளக் காடாயிற்று. 2010 ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒரு பெருமழை. 1982 இல் திறந்து வைக்கப்பட்ட நமது பாராளுமன்றம், சதுப்பைத் தோண்டி அமைத்த தியவன்னா வாவியின் நடுவே நிற்பது யாவரும் அறிந்ததே. அன்று அவ்வாவி பெருகிப் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே நீர் புகுந்தது. சட்டம் இயற்றுவோரின் வாசலுக்குத் தண்ணீர் தானே வந்து தன் முறையீட்டைச் சொல்லிப் போயிற்று.

அதன்பின் எண்ணம் மாறத் தொடங்கியது. 2012 ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு கொழும்பு மாநகரப் பிரதேச அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. வாய்க்கால்களை அகலமாக்கல், கரை கட்டல் ஆகிய வேலைகளோடு, சதுப்புநிலங்களை எண்ணிக் கணித்து அளக்கும் வேலையும் நடைபெற்றது. சுமார் 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு இன்னும் எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது. இவை முற்றாக அழிந்துவிட்டாற் கொழும்புப் பெருநகரின் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, சராசரியாக ஒவ்வோராண்டும், வெள்ளச் சேதத்திலேயே போய்விடும் என்பது பொறியியலாளரும் பொருளியலாளரும் கூடிக் கண்ட கணக்கு. காசுக் கணக்கு மட்டும் பார்ப்போர்க்கும் விளங்கும் விடை இது. 2016 இல் ஈரநிலங்களை முகாமை செய்வதற்கான மூலோபாயம் ஒன்று வகுக்கப்பட்டது. பெத்தகானவில் ஈரநிலப் பூங்கா அமைந்தது. தலவத்துகொடையில் தியசரு பூங்கா அமைந்தது. அதை அமைத்தவர்கள், 1968 இல் நிலம் மீட்கப் பிறந்த அதே நிறுவனத்தார் என்பது நினைக்கத்தக்கது. தண்ணீரிடமிருந்து நிலத்தை மீட்டவர்கள், நம்மிடமிருந்து சதுப்பை மீட்கத் தொடங்கினார்கள்.

இதன் பயனாக ஒரு பெருமையும் கிடைத்தது. ஈரநிலங்களைக் காப்பதற்கு 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. இலங்கை 1990 இல் அதிற் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை நாடுகள் 2018 ஒக்டோபரில் துபாயிற் கூடியபோது, ஈரநில நகரங்களென முதன்முதலாக 18 நகரங்களுக்கு அங்கீகாரம் வழங்கின. அப்பதினெட்டில் ஒரு நாட்டின் தலைநகரென நின்றது கொழும்பு ஒன்றே. ஆயினும் இப்பட்டம் பரம்பரைச் சொத்தன்று. ஆறாண்டுக் காலத்துக்கே வழங்கப்படுவது. நடத்தையைப் பார்த்துப் புதுப்பிக்கப்படுவது. பரீட்சையில் ஒருமுறை தேறியவன் புத்தகத்தை மூடிவிட்டாற் போதுமா?

மூடலாகாது என்பதற்குக் குப்பையே சாட்சி. கொட்டாஞ்சேனைப் பெரியோர்கள் புளூமெண்டால் குப்பைமேட்டை மறந்திருக்கமாட்டார்கள். மாநகரின் குப்பையைப் பல்லாண்டு காலம் தாங்கி நின்றது அது. அங்கே இடம் போதாதென்றபோது குப்பை கொலன்னாவைப் பக்கத்துத் தாழ்நிலத்துக்கு, மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று, அம்மேடு சரிந்தது. அடியில் வாழ்ந்த 32 பேர் மாண்டனர். அவர்கள் அக்குப்பையை உண்டாக்கியவர்களல்லர். வெள்ளவத்தையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் லொறியிற் போனது அது. தாழ்நிலம் பயனற்றது என்று ஒரு நகரம் எண்ணுமானால், அத்தாழ்நிலத்தில் வாழும் ஏழையின் உயிரையும் அவ்வாறே எண்ணத் தலைப்படும். சதுப்பைக் காத்தல் பறவைப் பிரியரின் பொழுதுபோக்கன்று என்று யாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அதன் பின்னும் குப்பை சென்ற இடம் கெரவலப்பிட்டி. அதுவும் முத்துராஜவெல என்னும் பெருஞ்சதுப்பின் ஓரம். அங்கே 2021 இல் குப்பையை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையம் தொடங்கப்பட்டது நன்றே. எனினும் குப்பை குறையாமல் எந்த நிலையமும் நிறைவு தராது.

இனி நகரசபைகளின் பங்குக்கு வருவோம். சதுப்பு ஒன்று, அதற்குச் சொந்தக்காரர் பலர். நீர் கோட்டை மாநகர சபையின் எல்லையிற் பிறந்து, கொலன்னாவை நகர சபையின் எல்லையைத் தொட்டு, கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள் ஓடி, தெஹிவளை–கல்கிசை மாநகர சபையின் எல்லையருகே கடலைச் சேர்கின்றது. இடையிடையே நகர அபிவிருத்தி அதிகாரசபை, காணி மீட்டற் கூட்டுத்தாபனம், வனசீவராசிகள் திணைக்களம், மாகாண சபை என்று பலவற்றின் கை. ஒருவர் மற்றவரைக் காட்டி நிற்பதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறில்லை. மேற்பகுதியில் ஒரு சபை ஒரு பரப்பைத் தூர்க்க அனுமதித்தால், கீழ்ப்பகுதியில் இன்னொரு சபையின் மக்கள் வெள்ளத்தில் நிற்கின்றனர். தண்ணீர் வட்டார எல்லை பார்த்து ஓடுவதில்லை. வாக்காளர் இடாப்பும் பார்ப்பதில்லை. ஆதலின் நகரசபைகள் தனித்தனியே திட்டம் வகுத்தாற் போதாது. நீர்வலை முழுவதற்கும் ஒரே வரைபடமும் ஒரே திட்டமும் வேண்டும்.

நகரத் திட்டத்தையும் உயிரினங்களையும் சேர்த்து எண்ணுதல் கொழும்புக்குப் புதிதுமன்று. 1921 ஆம் ஆண்டிற் கொழும்புக்கு நகரத்திட்ட அறிக்கை வரைந்தவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். அவர் பொறியியலாளரல்லர்; தாவரவியற் பேராசிரியராக இருந்தவர். தென்னிந்திய நகரங்களையும் கோயில் நகரங்களையும் நேரிற் கண்டு ஆராய்ந்தவர். மலேரியாவுக்கு அஞ்சி இந்திய நகரங்களின் குளங்களைத் தூர்க்க வேண்டுமென்று சுகாதார அதிகாரிகள் சொன்னபோது, தூர்க்க வேண்டா, துப்புரவு செய்து மீனும் வாத்தும் விடுங்கள் என்று சொன்னவர் அவர். நூறாண்டுக்கு முன் அவர் கண்ட உண்மையை, உலக நாடுகள் 2022 டிசம்பரில் மொன்றியல் நகரிற் கூடி வகுத்த உயிரினப் பல்வகைமைத் திட்டத்தின் 12 ஆவது இலக்கிற் காண்கின்றோம். நகரங்களிற் பசுமை நிலத்தையும் நீர்நிலைகளையும் பெருக்குதலும், அவற்றை நகரத் திட்டத்தோடு இணைத்தலும் அவ்விலக்கின் சாரம்.

அயலிலும் நமக்குப் பாடங்கள் உண்டு. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒருகாலத்தில் மிகப் பரந்து கிடந்த அச்சதுப்பைப் பெருங்குடிக் குப்பைமேடும் வீதிகளும் கட்டடங்களும் தின்று குறைத்தன. 2015 டிசம்பரிற் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது அதன் அருமை எல்லார்க்கும் தெரிந்தது. எஞ்சிய பகுதி 2022 இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. காப்பதற்கு நேரம் பிந்தினால் எஞ்சியதைத்தான் காக்கலாம் என்பது சென்னை தரும் பாடம். சிங்கப்பூர் தரும் பாடம் வேறு. அங்கே பீஷான் பூங்காவில், சீமெந்துக் கானாக நேரே ஓடிய கல்லாங் ஆற்றின் ஒரு பகுதியை உடைத்து, வளைந்து நெளிந்து செல்லும் இயற்கை ஆறாக மாற்றி 2012 இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். இப்போது கரையில் மரமும் புல்லும் வளர்ந்துள்ளன. மழைக்காலத்தில் நீர் பரவ இடமும் உண்டு. இழந்ததைத் திருப்பி உண்டாக்கவும் ஒரு நகரத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. வெள்ளவத்தை வாய்க்காலுக்கு அத்தகைய காலம் வரலாகாதா?

இவ்விடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்க்காற் கரையிலும் தாழ்நிலத்திலும் வாழ்பவர்கள் ஏழைகள். நீர்நிலத்தைக் காப்பது என்று தொடங்கினால் முதலிற் பெயர்க்கப்படுவது அவர்களின் பலகை வீடுதானே என்பர் சிலர். அச்சம் ஆதாரமற்றதன்று. கடந்த ஆண்டுகளிற் கொழும்பின் கரையோரக் குடும்பங்கள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து தப்பியோம் என்று மகிழ்ந்தோரும் உண்டு. தொழிலும் அயலும் இழந்தோமென்று வருந்தியோரும் உண்டு. சிறு குடிசையை அகற்றி அவ்விடத்திற் பெரிய கட்டடம் எழுமானால் அதைப் பாதுகாப்பு என்று அழைத்தல் தகாது. கரையோர ஒதுக்கு நிலச் சட்டம் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பெயர்க்கப்படுவோரை முன்கூட்டியே கேட்டு, அவர்தம் தொழிலுக்கு அண்மையில் இடந்தந்து, அதன்பின்னரே கை வைத்தல் வேண்டும். அதே சமயம், அவர்களை வெள்ளத்திலேயே விட்டுவைப்பதும் இரக்கமன்று. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி பெருகியபொழுது, கொலன்னாவை முதலிய தாழ்நிலங்களில் நீருள் நின்றவர்கள் அவர்களே.

ஆகவே நல்லதொரு நகரசபைத் திட்டத்தில் இருக்க வேண்டியவை எவை? எமக்குத் தோன்றுவன ஐந்து. முதலாவது, எஞ்சியுள்ள ஒவ்வொரு சதுப்பின் எல்லையையும் அளந்து, கல் நாட்டி, வர்த்தமானியில் வெளியிடல். எல்லை தெரியாத நிலத்தை எவரும் காக்க முடியாது, எவரும் கவரலாம். இரண்டாவது, சதுப்புகளை இணைக்கும் வாய்க்கால்களின் இரு மருங்கையும் மண்ணும் மரமுமாக விடுதல். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் ஒரு சதுப்பிலிருந்து மற்றதற்குச் செல்ல வேறு வழியில்லை. மூன்றாவது, அந்நியக் களைகளை அகற்றி உள்ளூர் இனங்களை நடுதல். ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு சட்டம் செய்தனர். நூறாண்டு கடந்தும் அது நம் நீர்நிலைகளில் மிதக்கின்றது. ஒருமுறை அள்ளிவிட்டு ஓய்ந்தால் மறுமாரியில் மீண்டும் மூடிவிடும்; தொடர் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கல் வேண்டும். நான்காவது, கழிவுநீரும் குப்பையும் வாய்க்காலிற் சேராதபடி தடுத்தல். ஐந்தாவது, ஆண்டுதோறும் கணக்கெடுத்தல். நகரங்களின் உயிரினப் பல்வகைமையை அளக்க 2008 இற் சிங்கப்பூர் ஒரு சுட்டெண்ணை முன்மொழிந்தது; உள்ளூர்ப் பறவை இனங்கள் எத்தனை, பசுமைப் பரப்பு எவ்வளவு, சபை செலவிடும் பணம் எவ்வளவு என்று அது கேட்கும். வரவு செலவை எண்ணும் சபை வந்த பறவையையும் எண்ணக் கற்றல் வேண்டும்.

இவையெல்லாம் சபையார் செய்ய வேண்டியவை; நாம் செய்வது யாது என்று இளைஞர் கேட்கலாம். இந்நாட்டில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. நம் வட்டாரத்து வாய்க்காலுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, அயலில் உள்ள ஒரு தாழ்நிலத்தை நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்தவர் யார் என்று எழுதிக் கேட்பதற்கு ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை அளித்துள்ளது அது. ஒரு விண்ணப்பம், ஒரு முத்திரை, சிறிது பொறுமை, இவ்வளவே செலவு. சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதி விளக்கைப் பற்றிக் கேட்கும் நாம் வாய்க்காலைப் பற்றியும் கேட்கலாம். சங்கத்தின் இளைஞர் பிரிவினர் மாதம் ஒருநாள் வெள்ளவத்தை வாய்க்காற் கரையிலும் காக்கைத்தீவிலும் காலையில் நின்று, கண்ட பறவைகளையும் கண்ட குப்பையையும் ஒரு கொப்பியிற் குறித்து வரலாம். ஐந்தாண்டு தொடர்ந்து எழுதிய கொப்பி எந்தச் சபைக் கூட்டத்திலும் மதிப்புப் பெறும் சாட்சியாகும். சிங்கள, முஸ்லிம், கிறிஸ்தவ அயலவரையும் இவ்வேலையிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் சாதி சமயம் கேட்டு வருவதில்லை.

பெரியோர்கட்கும் ஒரு விண்ணப்பம். கோயிற் பூமாலையும் வாழையிலையும் உரமாக வேண்டியவை. பொலித்தீன் பையிற் கட்டி வாய்க்காலிற் போட்டால் அதே நீர் மாரியில் நம் வாசலுக்கு வரும். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலவிருட்சமும் ஒரு தீர்த்தமும் வகுத்த முன்னோர், மரமும் நீரும் இல்லாத ஊரை ஊராகக் கருதவில்லை. அந்த மரபை நினைவூட்டுவதற்கு உங்களைவிடத் தகுந்தவர் யார்? இவ்வாய்க்கால்களில் உங்கள் இளமையில் எந்த மீன் இருந்தது, எந்தத் தாழ்நிலத்தில் எந்தப் பறவை வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முன்னர் இருந்தது தெரியாவிட்டால் இழந்தது எது என்று அவர்களுக்கு எவ்வாறு விளங்கும்?

முடிவாக ஒன்று. நகரத்தில் இடம் அரியது. ஒவ்வொரு பேர்ச்சுக்கும் விலையுண்டு. அந்த நகரத்தில் தண்ணீருக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் என்று ஓரிடத்தை ஒதுக்கிவைப்பது வீண்செலவு போலத் தோன்றலாம். நாம் ஒதுக்காவிட்டாலும் தண்ணீர் தனக்குரிய இடத்தை எடுத்தே தீரும். அந்த இடம் எதுவென்று முடிவு செய்யும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு. அதை வெயிற்காலத்தில், நிதானமாக, நீதியாக முடிவு செய்வதற்குப் பெயரே திட்டம். எஞ்சியுள்ள 20 சதுர கிலோமீற்றரை அடுத்த தலைமுறைக்கு 20 ஆகவே ஒப்படைப்போமானால், நாம் நல்ல பாதுகாவலர். கூட்டி ஒப்படைத்தால் அதனினும் நல்லவர்.